காரைக் கொண்டு செல்வதா, அங்கே வாங்குவதா?

கேள்வி: பணி நிமித்தம் 3 ஆண்டுகள் வெளிநாடு செல்கிறேன். ஆசையாக வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் கொண்டு செல்லலாமா?

பதில்: கப்பல் கட்டணத்தை விசாரிக்கும் முன், நீங்கள் செல்லும் நாடு அந்தக் காரை ஏற்குமா என்று பாருங்கள். அமெரிக்காவில், அந்நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத கார் 25 ஆண்டுகளைக் கடந்திராவிட்டால், அதை நிரந்தரமாக இறக்குமதி செய்வது மிகக் கடினம். சிங்கப்பூர், 3 ஆண்டுகளுக்கு மேல் பழைய காரைப் பொதுவாக ஏற்பதில்லை. குடிபெயர்வோருக்கு வரிச்சலுகை தரும் பிரிட்டனிலோ, காரை ஏற்கெனவே குறைந்தது 6 மாதங்கள் நீங்கள் வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். சலுகை பெற்றபின் 12 மாதங்களுக்கு அதை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆகவே, புறப்படும் நேரத்தில் புதுக்கார் வாங்கிக் கொண்டுபோகும் யோசனை, பல நண்பர்கள் சொன்னாலும், வேண்டாம்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். பக்கம் மாறினால் முகப்பு விளக்குகளையும் மாற்ற நேரிடும்.

மூன்றே ஆண்டுகள் என்பதால், அங்கேயே நன்கு பராமரிக்கப்பட்ட பழைய கார் ஒன்றை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். இதுவரை இழப்பீடு கோரவில்லை என்பதற்கான கடிதத்தை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் அதை ஏற்றுப் பிரீமியத்தைக் குறைக்கும்.