லெட்டீசியா

கேள்வி: கொலம்பியாவில் சாலையே போகாத ஊர் ஒன்று இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. அமேசான் கரையில், நாட்டின் தென்கோடியில் லெட்டீசியா. தலைநகர் பொகோட்டாவிலிருந்து போக விமானம்தான் வழி. ஆனால் பிரேசிலுக்கு நடந்தே போகலாம். தெருவைத் தாண்டினால் தபதிங்கா என்ற பிரேசில் ஊர்!

1867-ல் இதை நிறுவியது பெரு. 1922 ஒப்பந்தப்படி கொலம்பியாவுக்குக் கைமாறியது. அது பிடிக்காத பெருக்காரர்கள் 1932 செப்டம்பர் 1-ல் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். சொந்த ஊரை மீட்க, கொலம்பியப் படை கப்பலேறி, அட்லாண்டிக் வழியே சுற்றி, பிரேசிலுக்குள் புகுந்து, அமேசான் வழியே எதிர்நீச்சலாக வந்தது! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

சண்டை ஓய்ந்ததும், 1933 ஜூனிலிருந்து ஓராண்டு ஊரை நிர்வகித்தது சர்வதேச சங்கம் (ஐ.நா.வின் முன்னோடி). 1934-ல் ஊர் மறுபடி கொலம்பியா வசம்.