பழைய கம்பெனிக்குப் புது முகப்பு: ஏசிபி போடலாமா?

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி கட்டடம் 1990 வாக்கில் கட்டியது. முன்பக்கம் பூச்சு உதிர்ந்து, சன்ஷேடில் கம்பி தெரிகிறது. பையர்கள் வந்து போகும் இடம் என்பதால் முகப்பு முழுவதையும் ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட்டால் மூடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் கலர் ஷீட்டாக மாற்றிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கம்பி தெரிகிற இடத்தை மூடினால் கண்ணுக்குத்தான் மறையும், துரு நிற்காது. துருப்பிடித்த கம்பி உப்பி, கான்கிரீட்டை இன்னும் பிளக்கும். போதாக்குறைக்கு, ஏசிபியைத் தாங்கும் ஃபிரேமையும் அதே சுவரில்தான் போல்ட் அடித்து மாட்டுவார்கள். முதலில் சன்ஷேடு, தூண், பீம் எல்லாவற்றையும் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொள்ளலாகக் கேட்கும் இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். மழைத்தண்ணீர் எந்த வழியாகச் சுவரில் இறங்குகிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். அதை அடைக்காமல் எதைப் பூசினாலும் வீண் செலவுதான்.

ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவில் ஒரு அடுக்கு. விலை குறைந்த ரகத்தில் அந்த நடு அடுக்கு வெறும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். தீப்பிடித்தால் உருகி, மளமளவென்று மேலே ஏறும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீ பரவியது இந்த ரகத் தகடுகள் வழியாகத்தான். துணியும் நூல்தூசியும் நிறைந்த இடத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆபீஸ் வாசலுக்கு மட்டும் ஆசை என்றால், நடு அடுக்கு எளிதில் தீப்பிடிக்காத ‘எஃப்ஆர் கோர்’ ரகம் வாங்குங்கள். சோதனைச் சான்றிதழில் உள்ள பிராண்டும் கிரேடும்தான் சைட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். மற்ற சுவர்களுக்கு நல்ல வெளிப்புற எமல்ஷனே போதும். அழகுக்காகக் காற்று வரும் ஜன்னல்களை அடைத்துவிட வேண்டாம், உள்ளே ஆட்கள் வெந்துபோவார்கள்.

கலர் ஷீட்டில் ஏமாற்று நடப்பது தடிமனில். 0.50 எம்எம் என்பது பூச்சும் பெயின்ட்டும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏஇசட் 150 என்றால் இருபக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினிய-துத்தநாகப் பூச்சு. அதுவும் பில்லில் வரட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸை உடைத்துத் தள்ள விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும்.

பிரச்சினை வந்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும்தான் விலக்கு. பல பேருக்கு வேலை கொடுக்கும் கம்பெனி அதில் வருவது கடினம். ஆகவே பொருளின் ரகம், தடிமன், கான்கிரீட் பழுதுவேலை எல்லாம் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்கட்டும். பத்து சதவீதத் தொகையையாவது ஐப்பசி மழை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கான்ட்ராக்டர் என்றால் வேறு ஆள் பாருங்கள்.