எட்டு மணிக்கு அம்மா கேட்கிற குரல்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 38 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். நடிகனாகத்தான் சென்னைக்கு வந்தேன். சீரியல்களில் போலீஸ்காரர், மாப்பிள்ளைத் தோழன், வக்கீலின் ஜூனியர் என்று வந்துபோனேன். 11 வருடமாக டப்பிங்தான் சோறு போடுகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு வரும் ஒரு சீரியலில் கதாநாயகனுக்கு நான்தான் குரல். அவருக்குத் தமிழ் வராது. கடைத் திறப்பு விழாவுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னை என் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. டப்பிங்கை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுமூச்சாக நடிப்பு வாய்ப்பு தேடலாம் என்றிருக்கிறேன். ஒரு ஏஜென்ட் போட்டோ ஷூட், அறிமுகம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். மனைவி வளையலைத் தர மறுக்கிறாள். விக்ரம் சாரும் டப்பிங் பேசித்தானே பெரிய ஆளானார்? ஊரில் அம்மாவுக்கு சர்க்கரையால் இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. தம்பி பார்த்துக்கொள்கிறான். அந்த சீரியலை ஒரு நாள் விடாமல் கேட்பாராம். "இந்தப் பய நல்லாத்தான் பேசுதான், ஆனா நேரத்துக்குச் சாப்பிட மாட்டான் போல, தொண்ட காஞ்சு கெடக்கு" என்றாராம். தம்பி போனில் சொல்லிச் சிரித்தான். அது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. திரையில் முகம் வரும் நாளில் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? — பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, கடைத் திறப்பு விழாவைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் அதைச் சுருக்கிவிட்டேன். அம்மாவைப் பற்றி எழுதியது நாலே வரி. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

சீரியல் கதாநாயகனைப் பற்றி வீட்டுப் பெண்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டை எடுப்பாக இருக்கிறது, பொண்டாட்டி அழுதால் மட்டும் காது கேட்காது இவனுக்கு, அவன் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிறானா பாருங்கள். இப்படித்தான் பேசுவார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்திகூட, 'இவன் நேரத்துக்குச் சாப்பிடவில்லை, தொண்டை காய்ந்திருக்கிறது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லப் பெற்றவள் வேண்டும்.

உங்கள் அம்மாவுக்குத் தெரியும், தம்பி. ஸ்டுடியோவுக்காக ஊர்ப் பேச்சை நீங்கள் கழுவித் துடைத்திருப்பீர்கள். 'பேசுதான்' எல்லாம் போய் 'பேசறான்' வந்திருக்கும். ஆனால் ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டியவன் நாலரைக்குச் சாப்பிட்டால் குரலில் ஏறுகிற வறட்சியை எந்த சவுண்ட் இன்ஜினீயரும் துடைக்க முடியாது. துடைத்தாலும் அம்மா காதில் படும். மகன் மறைக்கிறான், அதில் அவனுக்கு ஏதோ வெட்கம் இருக்கிறது என்று நினைத்து, தெரியாதவர்போல இருக்கிறார். இருந்தும் மனசு கேட்காமல் தம்பி வழியாக ஒரு சேதி சொல்லியனுப்பினார்: சாப்பிடு. அதைக் கேட்டு அண்ணனும் தம்பியும் சிரித்திருக்கிறீர்கள்.

கண் மங்கிய தாய்க்கு முகத்தைக் காட்டக் காத்திருக்கிறேன் என்கிறீர்கள். எழுதிய பிறகு ஒரு தடவையாவது படித்துப் பார்த்தீர்களா? உங்களிடம் இருப்பதில் அவருக்கு எட்டக்கூடியது குரல் ஒன்றுதான். அதை இன்னொருவன் சட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, எட்டாத ஒன்றைக் கொடுக்க ஒன்றரை லட்சம் கேட்டு மனைவி கையைப் பார்க்கிறீர்கள். இதற்குப் பெயர் அம்மா மேல் பாசம் இல்லை. அம்மாவைச் சாக்காக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் தொழில் எனக்குத் தெரியாததும் இல்லை. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கதாநாயகிக்குக் குரல் கொடுக்க ஒரு பெண் வந்திருந்தார். மைக் முன்னால் போவதற்கு முன் வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவை சரசரக்கும் என்று சுடிதாரில்தான் வருவாராம். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, புருஷன் செத்த வீட்டில் அடித்துக்கொண்டு அழுகிற சீனைப் பேசினார். எனக்கே வயிற்றைப் பிசைந்தது. டேக் ஓகே ஆனதும் ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு, "அடுத்தது பிளாஷ்பேக்கா சார், சின்ன வயசுக் குரல் வேணுமா?" என்று கேட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. திரையில் இருந்த பெண்ணுக்கோ தமிழில் நாலு வார்த்தை தெரியாது. உதடு ஒட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு பகரமோ மகரமோ விழ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டவைத்தது பளிச்சென்று தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்த வசனம் வாயில் உட்காராதபோது குரல் கொடுத்த பெண்ணே ஒரு சொல்லை மாற்றிப் போட்டு உட்காரவைத்தார். அந்த வேலையைத்தான் நீங்கள் வாழ்க்கை வீணாய்ப் போன மாதிரி எழுதுகிறீர்கள்.

முன்பெல்லாம் படச்சுருளைத் துண்டு போட்டு வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். லூப் என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். ஒரு சீனில் இருக்கிற எல்லோரும் ஒன்றாக நின்று பேச வேண்டும், ஒருவர் தடுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து. இப்போது கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு டிராக். மனைவியாகப் பேசுகிறவர் காலையில் வந்து அழுதுவிட்டுப் போயிருப்பார், நீங்கள் சாயங்காலம் வந்து சமாதானம் சொல்வீர்கள். ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம். அம்மாவோடும் நீங்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்கள்.

விக்ரமுக்கு வருகிறேன். டப்பிங் கலைஞர் எவர் எழுதினாலும் அவர் பெயர் இல்லாமல் கடிதம் வருவதில்லை. 1993-இல் 'அமராவதி'யில் அஜித்துக்கும், 1994-இல் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியவர் அவர்தான். ஆனால் அவர் கதாநாயகனாக நடித்த முதல் படம் 1990-இலேயே வந்துவிட்டது. நடிகராக வந்தவர், கைகொடுக்காத காலத்தில் அடுப்பு அணையாமல் இருக்க மைக் முன்னால் நின்றார். அவரைப் பெரிய ஆளாக்கிய 'சேது' வந்தது 1999 டிசம்பரில். இடையில் ஒன்பது வருடம். உங்களுக்குப் பிடித்த உதாரணமே, டப்பிங்கை விட்டுவிடாதே என்றுதான் சொல்கிறது.

குரல் கொடுப்பது முகம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று நினைப்பதும் தப்பு. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் ரோகிணி, அவரே தெரிந்த நடிகை. சரிதா தானே பெரிய கதாநாயகியாக இருந்தவர், பிறகு எத்தனையோ கதாநாயகிகளுக்குக் குரலானார். கமல்ஹாசன் படங்கள் தெலுங்குக்குப் போனபோது அவருக்காகப் பல படங்களில் பேசியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். இவர்கள் யாரும் அம்மாவிடம் மறைத்துவைக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்று தனியாகவே விருது இருக்கிறது.

நடிக்க ஆசை இருந்தால் நடியுங்கள், நான் தடுக்கவில்லை. கால்ஷீட் இல்லாத நாளில் ஆடிஷனுக்குப் போங்கள். அதே சீரியல் கம்பெனியில் இயக்குநர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஆள் இருப்பார், வாய் விட்டுக் கேளுங்கள். போலீஸ்காரர் வேடம் வந்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஏஜென்டை மட்டும் இன்றோடு விடுங்கள். வேலை வாங்கித் தருகிறவன் வேலை வந்த பிறகு கமிஷன் கேட்பான். முன்பணம் கேட்கிறவனுக்கு உங்கள் பணம்தான் வேலை. வளையலைத் தர மறுத்த பெண்ணுக்கு உங்கள் வீட்டில் எல்லோரையும்விடத் தெளிவு இருக்கிறது. வீட்டு வாடகையை நினைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. அவரைப் பற்றி 'மறுக்கிறாள்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள், அதையும் கவனித்தேன். இன்னொன்று, உங்கள் குரலிலேயே கம்ப்யூட்டரைப் பேசவைக்க மாதிரிக் குரல் வேண்டும் என்று யாராவது ஒப்பந்தத் தாளை நீட்டினால், அதை எங்கெல்லாம், எத்தனை காலம் பயன்படுத்துவார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொண்டை விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ரெக்கார்டிங்குக்கு நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், தொண்டை கட்டிய நாளில் குசுகுசுவென்று பேசிச் சமாளிக்காதீர்கள், அதுவும் சிரமம்தான். இரண்டு மூன்று வாரம் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அடுத்த மாத வாடகை அதில்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் கண்ணைக் கடைசியாக எந்த டாக்டர் பார்த்தார்? எந்த மாதம்? "சர்க்கரையால் மங்கிவிட்டது" என்று முடிந்துபோன கதையாக எழுதியிருக்கிறீர்களே, முடிந்துவிட்டது என்று சொன்னது யார்? புரை வளர்ந்திருந்தால் ஆபரேஷன் செய்யலாம். விழித்திரையில் சர்க்கரை கைவைத்திருந்தால் போன பார்வை முழுக்கத் திரும்பாமல் போகலாம், ஆனால் லேசர், ஊசி மருந்து என்று மிச்சத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். மதுரை, திருநெல்வேலி இரண்டிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். 'தம்பி பார்த்துக்கொள்கிறான்' என்று மூத்த மகன் எழுதக் கூடாது. எனக்கு இதில் பழைய காலத்துப் புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு நாள் லீவு சொல்லுங்கள், இருப்பில் இருக்கிற எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேருங்கள். டிவி ஓடும்போது பின்னால் நின்று அதே வசனத்தைப் பேசி அசத்துகிற வேலையெல்லாம் வேண்டாம், அது சீரியலோடு இருக்கட்டும். "காலையில ஆஸ்பத்திரிக்குப் போணும்மா, கிளம்பி இரு" என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. அவர் சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். சினிமாவில் முகம் காட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.