புள்ளிக் கணக்கு: எம்.82 பற்றிய கேள்வி பதில்

சென்ற வாரம் கண்டனூர் வீட்டு மொட்டைமாடியில், எம்.82 என்னும் விண்மீன் மண்டலத்தைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பள்ளத்தூர் மாணவி: கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி இருக்க, ரேடியோ தொலைநோக்கி எதற்கு?

அம்மா, நீ அன்று பார்த்தது பஞ்சைத் திரித்து வைத்தது போன்ற ஒரு மங்கலான கீற்று. 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்மண்டலத்தின் நடுவில், பால்வெளியைவிட வெகு விரைவாக விண்மீன்கள் பிறக்கின்றன. பிறப்புக்கு வேண்டிய வாயுவோடு தூசும் அங்கே மண்டிக் கிடப்பதால், ஒளியின் பெரும்பகுதியைத் தூசு விழுங்கி, அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைக்கோ, தன்னைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய அத்துகள்கள் தடையே அல்ல. இங்கிலாந்தின் மெர்லின் தொலைநோக்கி வரிசை அந்நடுப்பகுதியில் ஏறக்குறைய 50 ரேடியோ புள்ளிகளைக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை சூப்பர்நோவாவின், அதாவது விண்மீன் வெடித்துச் சிதறியதன், எச்சங்கள்.

நகரத்தார் கோயில் கணக்கில் குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணுவதை நீ அறிவாய். எம்.82இலோ அத்தகைய எச்சப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விண்மீனின் இறப்பு. அந்த இறப்புக் கணக்கிலிருந்தே பிறப்புக் கணக்கைப் பெறுகிறோம். சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் சுமார் நான்கு கோடி ஆண்டுக்குள் வெடித்துவிடும்; சூரியனின் ஆயுளோ 1,000 கோடி ஆண்டு. ஆகவே இன்று வெடிப்பவை அண்மையில் பிறந்தவை. எம்.82இல் 10 முதல் 20 ஆண்டுக்கு ஒன்று வெடிப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

ஆத்தங்குடி வாசகர்: அந்த வெடிச்சத்தம் ரேடியோவில் எப்படிக் கேட்கும்?

கேட்காது ஐயா. ரேடியோ அலை ஒலி அன்று, ஒளியின் இனம். வெடிப்பின் அதிர்ச்சி அலையில் முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது அது பிறக்கிறது.

தேவகோட்டைப் பொறியாளர்: 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் கண்டறிந்த எஸ்.என். 2014ஜே என்னும் சூப்பர்நோவா எம்.82இல்தான் வெடித்தது. ஒளியில் தெளிவாகத் தெரிந்தும் ரேடியோவில் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு உங்கள் புள்ளிக் கணக்கை எப்படி நம்புவது?

மிக நல்ல மறுப்பு. அந்தப் பிப்ரவரியில் நள்ளிரவு தாண்டி, இதே மாடியில் கீற்றின் ஓரத்தில் அந்த ஒற்றைப் பொட்டை நானும் பார்த்தேன். ஆனால் அது 1ஏ வகை. வெண்குறுமீன், அதாவது சூரியன் போன்ற விண்மீன் எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் கரு, ஒன்று வெடித்தது. பெரு விண்மீன் சாகுமுன் தன்னைச் சுற்றி வாயுவைக் கொட்டி வைக்கும்; அதில் அதிர்ச்சி அலை மோதுவதால்தான் ரேடியோவில் பளிச்சிடுகிறது. வெண்குறுமீனைச் சுற்றி அத்தகைய அடர்ந்த வாயு பெரும்பாலும் இருப்பதில்லை. அவ்வகை, பிறந்து பல நூறு கோடி ஆண்டு கழித்தும் வெடிக்கக்கூடும். ஆகவே இன்றைய பிறப்புக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியதே இல்லை.

கோட்டையூர் மாணவர்: இணையத்தில் சூப்பர்நோவா ஓசை என்று கேட்டேனே?

தம்பி, ஆத்தங்குடிக்காரருக்குச் சொன்ன விடையைப் படிக்கவும். அளவீடுகளை யாரோ ஓசையாக மாற்றியிருக்கிறார்கள். ரேடியோ படங்களின் நிறமும் அவ்வாறு நாம் பூசியதே.

காரைக்குடி ஆச்சி: அங்கே வெடிப்பதால் நமக்குக் கேடு உண்டா?

இல்லை ஆச்சி, அவ்வளவு தொலைவு.

புதுவயல் வாசகர்: ஜாதகத்துக்கு இதனால் பலன் உண்டா?

அது என் துறை அன்று, சோதிடரைக் கேளுங்கள்.

தேவகோட்டைப் பொறியாளர் மீண்டும்: அப்படியானால் ரேடியோ எதையும் தவறவிடாதா?

தவறவிடும், இதை நான் மறைக்க மாட்டேன். இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிரால் மின்னேற்றம் பெற்ற வாயு தாழ்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிவிடும்; ஆகவே ஒரே அதிர்வெண்ணில் மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். 2008இல் எம்.82இல் வெடித்த 2008ஐஇசட் என்னும் சூப்பர்நோவாவை எந்த ஒளித் தொலைநோக்கியும் காணவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி 22 கிகாஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் எடுத்த பதிவுகளில்தான் அது அகப்பட்டது; பிறகு வெடித்துச் சிதறிய அதன் வாயு ஓடு நொடிக்கு ஏறக்குறைய 20,000 கி.மீ. வேகத்தில் விரிவதையும் அளந்தார்கள். ஒளியை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் புள்ளி நம் ஏட்டில் ஏறியே இராது. 25 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆர்ப் 220 என்னும் விண்மீன் மண்டலத்தில் ஆண்டுக்கு நான்கு வெடிப்பு என்று மதிப்பிட முடிந்ததும், கண்டங்கள் கடந்த தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்துப் பார்த்ததால்தான்.

கானாடுகாத்தான் வாசகர்: இத்தகைய வேறொரு மண்டலத்தை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். கார்த்திகை மாதம் முன்னிரவில் தெற்கு வானில் என்.ஜி.சி. 253 உயர்ந்து நிற்கும். மழை விட்ட இரவாகப் பார்த்து, தெருவிளக்கு படாத மாடிக்கு வாருங்கள்.