ஓவனில் ஹாலஜனை எடுத்துவிட்டு கார்பன் இன்ஃப்ராரெட் லேம்ப் போடப்போகிறோம். எத்தனை வாட் எடுக்கலாம்?

பழைய லேம்பைக் கழற்றி, அதில் அச்சடித்திருக்கும் வாட் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு ஷிஃப்ட் சரக்கையே கெடுத்தவன் நான். லேம்ப் விற்பவனும் இல்லை, மெயின்டனன்ஸ் ஆள். அதனால் கேட்லாக்கில் இருப்பதைவிட என் கதைதான் இதில் அதிகம் இருக்கும்.

நீங்கள் செய்யப்போவதை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். எங்கள் ஓவனில் முதலிலிருந்தே கார்பன்தான். கன்வேயரில் ஃபோம் ஷீட் வரும், அதன் மேல் தண்ணீரில் கரைத்த பசை தடவியிருக்கும், உள்ளே போய் காய்ந்து வெளியே வரும். ஒருநாள் மூன்று லேம்ப் சேர்ந்தாற்போல் போய்விட்டது. ஸ்டோரில் கார்பன் இல்லை. அதே நீளம், அதே வாட்டில் ஹாலஜன் இருந்தது. "வாட் ஒன்றுதானே, சூடும் ஒன்றுதானே" என்று சொன்னதும் நான்தான், மாட்டியதும் நான்தான்.

சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஹாலஜனுக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு, முதல் நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கார்பனில் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. பிரேக்கரைத் திரும்பத் தூக்கி, ஒவ்வொன்றாக ஆன் பண்ணி ஓட்டினேன். அரை மணி நேரத்தில் லைன் ஆள் இரண்டு ஷீட்டைக் கையில் கொண்டுவந்து நின்றார். வெள்ளை ஷீட்டில் விரல் வைத்தால் பசை நூலாக இழுத்தது. கறுப்பு ஷீட்டின் ஓரம் பொரிந்து சுருண்டிருந்தது. அதே ஓவன், அதே வேகம்!

காரணம் அலைநீளம். 2898-ஐ இழையின் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின்) வகுத்தால், எந்த மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், கதிர்வீச்சு உச்சத்தில் இருக்கும் என்று கிடைக்கும். ஹாலஜன் இழை 2200 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் சுமார் 1.2 மைக்ரான். கார்பன் இழை சுமார் 1200 டிகிரி, அதற்குக் கிட்டத்தட்ட 2 மைக்ரான். தண்ணீர் 1.9 மைக்ரான் பக்கத்திலும் 3 மைக்ரான் பக்கத்திலும் நன்றாக உறிஞ்சும். 1.2-இல் ரொம்பச் சுமார். ஆக, ஹாலஜன் வெளிச்சம் பசையில் இருந்த தண்ணீரை அதிகம் தொடாமல் கீழே ஃபோமுக்குப் போயிருக்கிறது. கறுப்பு அதை விழுங்கிக் கருகியது, வெள்ளை திருப்பி அனுப்பிவிட்டது. இயற்பியல் படித்தவர்கள் உடனே வருவார்கள், "அது உச்சம் மட்டும்தான், கதிர்வீச்சு அகலமாகப் பரவியிருக்கும்" என்று. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கருகிய ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அதனால் உங்களிடம் என் முதல் கேள்வி வாட் இல்லை. எதைக் காய வைக்கிறீர்கள்? தண்ணீர் கலந்த பெயின்ட், மை, பசை, அல்லது மெல்லிய பிளாஸ்டிக் என்றால் கார்பனுக்கு மாறுவது நியாயம். கனமான இரும்பை உள்வரை சுட வைக்க வேண்டும் என்றால் ஹாலஜனை ஏன் கழற்றுகிறீர்கள்? அடுத்தது, கன்வேயர் அடிக்கடி நிற்குமா? கார்பன் ஓரிரு நொடியில் சூட்டை விட்டுவிடும். அந்தக் காலத்துச் சுருள் கம்பி குவார்ட்ஸ் ஹீட்டர் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பெல்ட் நின்ற இடத்தில் சரக்கு தீப்பிடிக்க அந்த ஒரு நிமிடம் போதும். வோல்டேஜையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 220 வோல்ட் கார்பன் லேம்ப் 240-இல் ஓடினால் ஏறத்தாழ 19 சதவீதம் அதிக வாட்டில் எரியும். சூட்டைத் திருப்பிவிடும் பூச்சுள்ள குழாய் என்றால் தங்கநிறப் பக்கம் கூரையைப் பார்க்கட்டும், சரக்கைப் பார்க்கக் கூடாது. சிரிக்காதீர்கள், மாற்றி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு எரிச்சலான விஷயம். அந்த மூன்று லேம்ப் ஏன் சேர்ந்தாற்போல் போயின? மேலிடம் ஒரு படிவம் நிரப்பியது. காரணம்: "வெறும் கையால் தொட்டது." ஆள்: நான். வெறும் கையால் லேம்பின் குவார்ட்ஸ் குழாயைத் தொடக் கூடாது என்பது உண்மைதான், வியர்வை உப்பு பட்ட இடம் சூட்டில் வெள்ளையாகப் பூத்துப் போகும். ஆனால் செத்த லேம்ப் எதிலும் குழாயில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. மூன்றும் முனையில்தான் விரிசல் விட்டிருந்தன, அதுவும் மூன்றும் ஒரே பக்கத்து முனையில். அந்தப் பக்கத் தகட்டைக் கழற்றினால், லேம்ப் வெளியே வரும் துளைகளில் செராமிக் வுல் (சூடு தாங்கும் பஞ்சு) திணித்து அடைத்திருக்கிறார்கள். சூடு வீணாகிறதாம், சிக்கனமாம். முனையைத் தட்டையாக நசுக்கி மூடிய இடத்தில் மெல்லிய மாலிப்டினம் தகடு இருக்கிறது. அங்கே சூடு 350 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால், காற்றுப் பட்டு அது துருப்பிடித்து உப்பும், குவார்ட்ஸ் விரியும். காற்றோட்டத்தை அடைத்தவருக்கு யோசனைப் பெட்டிப் பரிசு கிடைத்தது. வுல்லைப் பிடுங்கி எடுத்த பிறகு மாட்டிய லேம்புகள் இன்றும் எரிகின்றன, படிவத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்தது ஒரு விடுமுறை நாளில். மெயின்டனன்ஸ்காரனுக்கு விடுமுறை என்பதே மற்றவர்கள் இல்லாத வேலைநாள்தான். அதற்கு ஈடாக ஒருநாள் தருகிறோம் என்பார்கள், லைன் ஓடும்போது கேட்டால் ஆள் இல்லை என்பார்கள், வருடம் முடிந்தால் அது காலாவதி என்பார்கள். எனக்கு ஒன்பது நாள் அப்படிப் போயிருக்கிறது. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

வாட்டுக்கு வருகிறேன். பழைய வாட்டையே எடுங்கள், ஆனால் தைரிஸ்டர் கன்ட்ரோல் (லேம்புக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பாதியிலிருந்து ஏற்றுங்கள். ஓவன் டிஸ்ப்ளேயில் தெரியும் சூட்டை நம்பாதீர்கள், அது காற்றின் சூடு. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரைச் சரக்கின் மேலேயே ஒட்டி ஒருமுறை உள்ளே அனுப்பிப் பாருங்கள். பெயின்டில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருந்தால் ப்ளோயர் ஓடாமல் லேம்ப் எரியவே கூடாது என்று இன்டர்லாக் (ஒன்று ஓடினால்தான் மற்றது ஓடும் என்ற பூட்டு) போடச் சொல்லுங்கள், அதில் சமரசம் வேண்டாம். என்ன பூச்சு, என்ன நிறம், பெல்ட் வேகம் என்ன, லேம்ப் முனைகள் ஓவனுக்கு உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன். அதற்குள் பக்கத் தகட்டைக் கழற்றி, துளைகளில் வுல் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.