மேட்டூர் சாம்பலும் மகளின் மேற்படிப்பும்

ஐயா, வணக்கம்.

"சாம்பலை வைத்து எண்ணெய் உறிஞ்சும் பொடி செய்யப் போகிறாளாம், இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சங்ககிரியில் டேங்கர் ஓட்டும் உங்களுக்குத் தெரியாததா? வால்வு கசிந்து டீசல் ரோட்டில் ஓடினால் மணலைக் கொட்டுவீர்கள், கிடைத்தால் மரத்தூள். மணல் அதிகம் குடிக்காது. மரத்தூள் நன்றாகக் குடிக்கும், ஆனால் தீப்பிடிக்கும். பாப்பா தேடுவது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

அவள் சொல்வது வெறும் கனவும் இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் பெரும்பங்கு. காஸ்டிக் சோடா கரைசலில் 100 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்திருந்தால் அது ஜியோலைட் என்னும், நுண்ணிய துளைகள் நிறைந்த பொருளாக மாறும். அதன்மேல் ஸ்டியரிக் அமிலம் (மெழுகு போன்ற கொழுப்பு அமிலம்) மாதிரி ஏதாவது பூசினால் தண்ணீரைத் தள்ளி எண்ணெயைப் பிடிக்கும். ரோட்டுக்கு இது போதும். கடலில் கனமான பொடியைத் தூவினால் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும், அது இன்னொரு தொல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்களே, நினைவிருக்கிறதா? இந்தத் துறையில் செய்ய இன்னும் நிறைய இருக்கிறது. எண்ணெய் குடித்த பொடியும் அபாயக் கழிவுதான், குப்பையில் கொட்ட முடியாது. அதை என்ன செய்வது என்று யோசிப்பவருக்கும் வேலை உண்டு.

சரி, படிப்புக்கு வருவோம். இந்தப் பொடியின் பெயரில் டிகிரி தேடாதீர்கள். இளநிலையில் அகலமான பாடம், முதுநிலையில்தான் இந்தக் குறுகல். என் முதல் தேர்வு கெமிக்கல் இன்ஜினியரிங். சென்னை ஏ.சி. டெக்கில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) அதுவும் இருக்கிறது, பீங்கான், செங்கல் போன்ற பொருட்களைப் பற்றிய செராமிக் டெக்னாலஜியும் இருக்கிறது. இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை, இவளுக்கு அது பொருந்தும். ஆனால் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியல் தலா 50. வேதியியலில் புலி என்றால் மட்டும் போதாது. கணக்கு மார்க் என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை.

வெளியூர் வேண்டாம் என்றால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் அல்லது புவியமைப்பியல். செலவும் குறைவு. ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் லேப் உதவியாளர் சம்பளம்தான் கிடைக்கும், எம்.எஸ்சி. வரை தாங்குவீர்களா என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங்குக்கு முன் ஒரு சின்ன வேலை கொடுங்கள். மணல், மரத்தூள், இடித்த சாம்பல் செங்கல், மூன்றையும் சம எடையில் எடுத்து சமையல் எண்ணெயில் ஊறவைத்து, வடித்து, எடை போடட்டும். டீசல் வேண்டாம், செங்கலை இடிக்கும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். ஒருமுறை செய்ய எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் செய்யும்போதும் சலிக்காமல் எடையை நோட்டில் குறிக்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், கணக்கு மார்க்கோடு.