மரவாள் வாங்கியவன் ரோமில் வீடு வாங்க முடியுமா?

கேள்வி: 2ஆம் நூற்றாண்டு ரோமில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். நாயகன் ஓர் அடிமை. எஜமான் அவனைக் கப்புவா நகரின் கிளாடியேட்டர் (மக்கள் பார்க்கக் களத்தில் சண்டை போடுபவன்) கூடத்துக்கு விற்றுவிடுகிறான். பல சண்டைகள் ஜெயித்து மரவாள் பெறுகிறான். உடனே ரோமக் குடிமகனாகி, தலைநகரில் வீடு வாங்கி, மன்ற உறுப்பினராகிறான். இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. கடைசி அத்தியாயத்தை மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மரவாள் கிடைத்தால் இனி களத்தில் இறங்க வேண்டாம், அவ்வளவுதான். அடிமைத்தனம் அதோடு போய்விடாது. எஜமான் தனியாக விடுதலை செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் கி.பி. 4ஆம் ஆண்டின் ஏலியா சென்ஷியா சட்டம் குறுக்கே நிற்கும். சண்டைக் கூடத்தில் தள்ளப்பட்ட அடிமை விடுதலையானாலும் ஒருநாளும் குடிமகனாக முடியாது. ரோமிலோ, அதிலிருந்து 100 ரோம மைல் சுற்றளவிலோ குடியிருக்கவும் கூடாது. மீறினால் அவனையும் அவன் சொத்தையும் ஏலம் போட்டுவிடுவார்கள்.

மன்றப் பதவியை மறந்துவிடுங்கள். கூலிக்குச் சண்டை போட ஒப்பந்தம் செய்துகொண்ட சுதந்திர மனிதனையே ஊர் மன்றங்களில் சேர்க்கக் கூடாது என்று ரோமச் சட்டம் பொறித்த ஹெராக்ளியா வெண்கலப் பலகை சொல்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். நீதிமன்றம் தண்டனையாகக் கூடத்துக்கு அனுப்பிய குற்றவாளி 3 ஆண்டு கழித்து மரவாள் வாங்கலாம், 5 ஆண்டு கழித்து விடுதலைக்கான தொப்பி அணியலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கெடு இருப்பதைக் கவனியுங்கள். மரவாள் வேறு, விடுதலை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் உங்கள் நாயகனை விற்றது எஜமான், தண்டித்தது நீதிமன்றம் அல்ல. அவனுக்கு இது பொருந்தாது.

இணையத்தில் சுற்றும் ஃப்ளாம்மா என்ற கிளாடியேட்டரின் கதையையும் நம்பாதீர்கள். நான்கு முறை மரவாள் கொடுத்தும் மறுத்தான் என்பார்கள். சிசிலியில் கிடைத்த அவன் கல்லறைக் கல்லில் இருப்பது வேறு கணக்கு: 34 சண்டை, 21 வெற்றி, 9 சமன், மீதி 4 முறை தோற்று உயிர்ப்பிச்சை பெற்றான். இறந்தபோது வயது 30.

அப்புறம், கூடத்தை நடத்தும் லானிஸ்டாவை அன்பான மாமா போல எழுதவே எழுதாதீர்கள். அவன் ஆள் தரகன். சட்ட அறிஞர் காயுஸ் காட்டும் ஒப்பந்தத்தைப் பாருங்கள்: ஆள் முழுசாகத் திரும்பி வந்தால் சண்டைக் காட்சி நடத்துபவன் 20 தினாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) வாடகை கட்டுவான், செத்தாலோ முடமானாலோ 1,000 தினாரியஸ், அதாவது விற்பனை. வாடகைப் பாத்திரம் நசுங்கினால் முழு விலையும் கட்டுவது போலத்தான். அந்தக் காசு லானிஸ்டாவின் பைக்குப் போகும். இந்தத் தரகனை இழிந்தவன் என்று ஒதுக்கிய அதே அரசு, அவன் தொழிலுக்கு வரி போட்டு கி.பி. 177 வரை வசூலித்தது. ஆளை விற்கலாம், கொல்லலாம், வரி வாங்கலாம். பிழைத்து வந்தவனுக்கு ஊரில் இடம் மட்டும் தரக் கூடாது! படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, கதைக்கு வருவோம். மரவாள் பெற்றவன் அதே கூடத்தில் பயிற்சியாளனாக இருக்கட்டும். பலர் அப்படித்தான் இருந்தார்கள். பிறகு விடுதலை செய்யுங்கள். வீட்டைக் கப்புவாவிலேயே வாங்கட்டும், அது 100 மைலுக்கு அப்பால்தான் இருக்கிறது. உயில் எழுதும் காட்சி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அவனுக்கு அந்த உரிமையும் கிடையாது.